மாமனாரின் தறிக்கூடத்தில் நான் செய்த புரட்சி

அரைகுறையாகப் படித்தவர்கள் சொந்தக்காரர் வீட்டில் ஆராய்ச்சி செய்யப் போகக் கூடாது. நான் போனேன். அதுவும் கல்யாணமான புதிதில், மாமனாருடைய தறிக்கூடத்துக்கே.

பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் சமூகவியல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். தொழிலாளர்களை இனம், மொழி என்று பிரித்துவைத்தால்தான் முதலாளிக்கு லாபம் என்று சொல்லும் புரட்சிகரச் சிந்தனையாளர்களைக் கரைத்துக் குடித்திருந்தேன். (செரிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) களப்பணி அத்தியாயம் வராவிட்டால் பட்டத்தை மறந்துவிடு என்று நெறியாளர் வேறு கழுத்தில் கத்தி வைத்துவிட்டார்.

கருமத்தம்பட்டித் தறிக்கூடத்தில் மாமா பெருமையோடு தறிகளை நிறுத்தினார். "நம்ம அம்மணி டாக்டர் ஆகப்போவுது. கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்கப்பா" என்றுவிட்டு எல்லாருக்கும் போண்டா வாங்கப் போனார்.

நான் ஒடிசாக்காரர்களை ஒரு பெஞ்சிலும் உள்ளூர்க்காரர்களை எதிர் பெஞ்சிலும் உட்காரச் சொன்னேன். ஒடிசாப் பையன் பிபின் மட்டும் நகரவில்லை. "அக்கா, நான் பழனி அண்ணன்கூட. டெய்லி ஒரே டிபன்" என்றான். ஆய்வு முறைப்படி தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும் என்று அவனைக் கிளப்பிவிட்டேன். மண்டூகம் என்றால் நான்தான்!

"அவங்களுக்குக் கிடைச்சு உங்களுக்குக் கிடைக்காதது என்ன?" என்று உள்ளூர் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தேன்.

பழனிச்சாமி தலையைச் சொறிந்தார். "அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க அம்மணி."

விடுவேனா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். யோசித்தார். "அவிங்களுக்கு ரூம் சும்மாங்க. நாங்க வாடகையில்ல குடுக்கறோம்?"

எதிர் பெஞ்சிலிருந்து பிபின் எழுந்தான். "ரூம் சும்மா. ஆனா சண்டே லீவு யாருக்கு? உங்களுக்குத்தான்!"

அவ்வளவுதான். தறிகள் நின்றிருந்தும் காது அடைத்தது. அதுவரை ஒரே டிபனில் கைவைத்தவர்கள் 'உங்காளு', 'எங்காளு' என்று கைநீட்டிக் கத்தினார்கள். பதறிப்போய் நடுவில் நின்று நானும் கத்தினேன். "சண்டை போடாதீங்க! உங்களப் பிரிச்சு வெச்சு ஆதாயம் பாக்கறது முதலாளிதான்!"

சத்தம் அடங்கியது. எல்லாரும் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். மாமா போண்டாப் பொட்டலத்தோடு நின்றிருந்தார்.

(எங்கள் பக்கம் கோபம் முற்றினால் மரியாதையும் முற்றும்.) "ஏனுங்க அம்மணி, பிரிச்சு உக்கார வெச்சது நீங்க. பழி எனக்குங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் பழனிச்சாமி எழுந்து பிபின் பக்கத்தில் போய் நின்றார். "அம்மணி சொல்றதும் நாயந்தானுங்க மொதலாளி. இவிங்களுக்கும் ஞாயித்துக்கெழம லீவு உடுங்க. எங்க வாடகைக்கும் ஒரு வழி பண்ணுங்க."

போண்டாவை ஒருவரும் தொடவில்லை. மாமா இறங்கிவரும்வரை தறியும் ஓடவில்லை.

தத்துவம் ஜெயித்துவிட்டது, வீட்டில்தான் எனக்கு முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. இப்போது ஞாயிறுதோறும் தறி ஓட்டுவது என் வீட்டுக்காரர். எனக்குப் பட்டமும் வந்துவிட்டது. ஆனால் எந்த விசேஷமானாலும் சரி, இலை போட்டதும் மாமா அத்தனை சொந்தக்காரர்களையும் நிற்கவைத்துவிட்டு என்னைத் தேடிப் பிடித்துக் கேட்பார்: "ஏனுங்க டாக்டரம்மா, நாங்கெல்லாம் ஒரே பந்தியில உக்காந்துக்கலாங்களா?"