தூக்கப் பேராசிரியர் வருகிறார்

பேராசிரியர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார் என்று வாசலிலிருந்து காவலாளி போன் செய்தபோது, நோட்டீஸ் கருத்தரங்க ஹாலில் தனியாக நின்று ஒரு குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குறட்டை பக்கத்து ஹாலிலிருந்து வந்தது. இரண்டு ஹாலுக்கும் நடுவே சுவர் கிடையாது. இழுத்து மூடுகிற மரத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் முன்வரிசையில் இருப்பவர் கைக்குட்டையைத் தேடுவார்.

நோட்டீஸ் என்பது அவருடைய பெயரில்லை. அந்த ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் எந்த நாள் என்ன சொற்பொழிவு, என்ன பயிலரங்கு, என்ன உடல்நலப் பயிற்சி என்று ஏற்பாடு செய்து, வாராவாரம் நோட்டீஸ் அடித்து ஒட்டுவது அவர் வேலை. சொந்தப் பெயர் அதிலேயே கரைந்துபோய்விட்டது. இன்னும் தற்காலிகப் பணிதான். நிரந்தரமானால் வளாகத்துக்குள்ளேயே இரண்டு அறை வீடு கிடைக்கும். அந்த வீட்டு ஜன்னல்களை வெளியிலிருந்தே பார்வையால் அளந்து, அவர் மனைவி திரைச்சீலை தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நடுவில் குறுக்கே நின்றது போன மாதம் நடந்த சமாச்சாரம். தாவரவியல் துறையில் காலமான ஒருவருக்கு இந்த ஹாலில் இரங்கல் கூட்டம். தடுப்புக்கு அந்தப் பக்கம் சிரிப்புப் பயிற்சி. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்ட புண்ணியவான் நோட்டீஸ்தான். துறைத்தலைவர் துக்கம் தொண்டையை அடைத்துப் பேச்சை நிறுத்தியபோது, சரியாக அந்த இடத்தில் நாற்பது பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் பதிவாளர் அம்மா கூப்பிட்டனுப்பினார். அவர் குரலை உயர்த்தாத மனுஷி. அதனால்தான் எல்லாருக்கும் பயம்.

"அடுத்த மாசம் தூக்கப் பேராசிரியர் வர்றார். எத்தனையோ தடவை கூப்பிட்டு வராதவர், இப்ப அவரே தேதி சொல்லி ஒத்துக்கிட்டிருக்கார். அவர் முகம் சுளிக்காம திரும்பிப் போனா, உங்களை நிரந்தரம் பண்ணக் கையெழுத்துப் போடறேன். சுளிச்சார்னா நீங்க பழையபடி தேர்வுத்தாள் கிடங்குக்குப் போயிடலாம்."

தூக்கப் பேராசிரியர் என்றால் சாமானியப்பட்டவர் இல்லை. மனிதன் எப்படித் தூங்க வேண்டும் என்று அலமாரி நிறைய எழுதியவர். அவருடைய பேச்சு நடக்கும் நாளில் பக்கத்து ஹாலில் 'ஆழ்ந்த ஓய்வுப் பயிற்சி' இருந்தது. படுத்துக் கிடப்பவர்கள் என்ன சத்தம் போட்டுவிடப் போகிறார்கள் என்று நோட்டீஸ் அதை நம்பிக்கையோடு விட்டுவைத்தார். குறட்டை என்று ஒன்று இருப்பது அவர் புத்தியில் உறைக்கவில்லை.

காவலாளியின் போனை வைத்ததும் நோட்டீஸ் தடுப்பைத் தாண்டி ஓடினார். அரை வெளிச்சத்தில் முப்பது பேர் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். பயிற்சியாளர் பெண் நடுவில் உட்கார்ந்து தாலாட்டுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாதம் தூங்குது... முழங்கால் தூங்குது..."

"மேடம், இதைக் கொஞ்சம் வேற இடத்துக்கு மாத்திக்கலாமா?" என்று நோட்டீஸ் கிசுகிசுத்தார்.

"இப்பதான் இடுப்பு வரைக்கும் வந்திருக்கோம் சார்."

"மீதியை லைப்ரரி மாடியில வெச்சுக்குங்க. அங்க காத்தும் நல்லா வரும்."

இடுப்பு வரை தூங்கியவர்கள் எழுந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாகத் தாழ்வாரத்தில் நடந்தார்கள். நேர் எதிரே பேராசிரியரும் அவர் மனைவியும் வந்தார்கள். பேராசிரியர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். நிறையப் படித்தவர் என்பது கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்தது.

"இவங்கல்லாம் எங்க போறாங்க?" என்று கேட்டார் அவர்.

"ஒண்ணுமில்ல சார். ஓய்வுப் பயிற்சி. உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு கிளப்பிட்டோம்."

"இங்கதானே நடக்கும்னு போட்டிருந்தது?"

நோட்டீஸ் ஓர் அடி பின்வாங்கினார். மனிதர் நோட்டீஸ் முழுவதையும் படித்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக வந்திருக்கிறார்.

"அது என் தப்புதான் சார். இனிமே உங்க பக்கத்துலயே வராம பாத்துக்கறேன்."

"லைப்ரரி ரொம்ப தூரமா?"

"ரொம்ப தூரம் சார். பொட்டுச் சத்தம் கேக்காது."

பேராசிரியர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கூரையைப் பார்த்தார். பிறகு பேராசிரியரின் முகம் மெல்லச் சுளித்தது. நோட்டீஸ் அதைக் கண்ணால் கண்டார்.

சுளித்த முகத்தை நிமிர்த்த அவருக்குத் தெரிந்த வழி உபசாரம்தான். விருந்தினர் அறையில் உட்காரவைத்து, மின்விசிறியைக் கூட்டி, தானே போய்க் காபி வாங்கிவந்தார்.

"மத்தியானத்துக்கு மேல நான் காபி தொடறதில்லை."

"அப்படிச் சொல்லக் கூடாது சார். எங்க கேன்டீன்ல ஸ்ட்ராங்கா போடுவாங்க. ஒரு டம்ளர் குடிச்சா ரெண்டு நாளைக்குக் கண்ணு மூடாது."

நோட்டீஸ் டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றார். அது ஒரு விதமான வன்முறை என்பது அவருக்குத் தெரியாது. பேராசிரியர் கஷாயம் குடிக்கிற மாதிரி குடித்து முடித்தார். அவர் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளியே வந்ததும் லைப்ரரியன் போனில் பிடித்துக்கொண்டார்.

"நோட்டீஸ், இங்க உக்காந்து தூங்கினா நான் ஒண்ணும் சொல்றதில்லை, அது வழக்கம்தான். பாயோட வந்து படுத்தா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? திருப்பி அனுப்பிட்டேன்."

முப்பது பேரை எங்கே ஒளித்துவைப்பது என்று யோசித்தபடி நோட்டீஸ் கருத்தரங்க ஹாலை எட்டிப்பார்த்தார். பேச்சு தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. ஒரு நாற்காலியிலும் ஆள் இல்லை. முன்வரிசையில் பதிவாளர் அம்மா மட்டும் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கூட்டம் எங்க?" என்றார்.

"வந்துக்கிட்டே இருக்காங்க மேடம்."

அது பொய். ஆனால் அந்த நேரம் பார்த்து, பாயும் கையுமாக முப்பது பேர் தாழ்வாரத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நோட்டீஸ் பயிற்சியாளரை ஓரம் கட்டினார்.

"இந்தப் பேச்சுக்கு முப்பது பேர் பதிவு பண்ணியிருந்தாங்க மேடம். ஒருத்தரையும் காணோம்."

"இவங்கதான் சார் அவங்க," என்றாள் அவள். "தூக்கம் வராதவங்கதானே ரெண்டுக்கும் வருவாங்க? ஒரு மணி நேரம் படுக்கவெச்சு, தெளிவா எழுப்பி உங்ககிட்ட அனுப்பலாம்னு இருந்தேன். நீங்கதான் நடுவுல கிளப்பிட்டீங்க."

ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தால் எல்லாம் தானாக நடந்திருக்கும்.

"சரி, அப்படியே உள்ள கூட்டிட்டுப் போய் நாற்காலியில உக்காரவெச்சிடலாம்."

"லைப்ரரியில படுத்ததுல இப்ப கழுத்து வரைக்கும் தூங்கியிருக்காங்க சார். உக்காருவாங்க. அதுக்கு மேல நான் பொறுப்பில்லை."

ஹால் நிறைந்தது. பதிவாளர் அம்மாவின் முகத்தில் லேசாகத் திருப்தி தெரிந்தது. பேராசிரியர் மேடையேறி, "தூக்கம் என்பது..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்ததுபோலப் பின்வரிசையில் தலைகள் சாய்ந்தன. பிறகு நடுவரிசை. ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் தோளில் சாய, அவர் இன்னொருவர் தோளில் சாய, முழு வரிசையும் ஒரு பக்கமாகச் சரிந்தது.

நோட்டீஸ் குனிந்தபடியே வரிசை வரிசையாகப் போய் விலாவில் குத்தினார். ஒருவர் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் அஞ்சு நிமிஷம்மா," என்றார்.

பேராசிரியர் பேச்சை நிறுத்தினார்.

"எழுப்பாதீங்க," என்றார் ஒலிபெருக்கியில். குரல் ஒரு மாதிரி இருந்தது. தூங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நின்றார். வாழ்நாள் உழைப்பு அவமானப்படுவதைப் பார்க்கும் பார்வை அது என்று நோட்டீஸ் முடிவு கட்டினார். அதற்குப் பிறகு பேராசிரியர் அதிக நேரம் பேசவில்லை. "மீதி என் புத்தகத்துல இருக்கு," என்று இறங்கிவிட்டார். நோட்டீஸ் ஒருவர்தான் கைதட்டினார். அதில் இரண்டு பேர் விழித்துக்கொண்டார்கள்.

பதிவாளர் அம்மா எழுந்தார்.

"அன்னைக்குச் சிரிப்பு. இன்னைக்குத் தூக்கம்," என்றார், வழக்கம்போலக் குரலை உயர்த்தாமல். "அவரை வழியனுப்பும்போது நான் மன்னிப்புக் கேக்கறேன். நீங்களும் கூட வாங்க."

வழியில் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, அந்த வீட்டு ஜன்னல் திரைக்கு நீல நாடாவா, பச்சை நாடாவா?"

"எதுவும் வெக்காதே."

"அப்ப சாதாவாவே விட்டுடவா?"

"விட்டுடு," என்றார் நோட்டீஸ். அழுகை வந்துவிட்டது. அந்தக் கிடங்கில் ஜன்னலே கிடையாது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

விருந்தினர் அறையில் பேராசிரியரைக் காணவில்லை. காபி டம்ளர் மட்டும் இருந்தது. வாசலில் கார் நின்றது. டிரைவர் யாரையும் பார்க்கவில்லை என்றார். கோபத்தில் நடந்தே போய்விட்டாரோ என்று நோட்டீஸ் தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பும்போது, தூங்கி வழிந்தவர்களைப் பக்கத்து ஹாலில் மறுபடி பாயில் படுக்கவைத்துப் பயிற்சியாளர் பாதியில் விட்டதை முடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அந்த ஹாலிலிருந்து ஒரு குறட்டை கிளம்பி வந்தது. இதுவரை கேட்டதெல்லாம் இதற்கு ஒத்திகைதான். மரத் தடுப்பு அதிர்ந்தது.

"இன்னுமா?" என்றார் பதிவாளர் அம்மா.

நோட்டீஸுக்கு அன்று முதல்முறையாகக் கோபம் வந்தது. வேலை போனாலும் பரவாயில்லை, இந்த ஆளை மட்டும் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று விடுவிடுவென்று நடந்தார். பதிவாளர் அம்மா பின்னாலேயே வந்தார்.

கதவருகே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேராசிரியரின் மனைவி உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு ஜோடி ஆண்கள் காலணி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. நோட்டீஸ் கதவில் கை வைக்கப் போக, அந்த அம்மாள் எழுந்து குறுக்கே நின்றார்.

"சத்தம் போடாதீங்க தம்பி," என்றார். "இவர் தூங்கி வருஷக்கணக்காச்சு. வெளியில தெரிஞ்சா மானம் போயிடும்னு யாருக்கும் சொல்லாம, இந்த வகுப்புல வந்து படுக்கறதுக்காகத்தான் உங்க பேச்சுக்கே ஒத்துக்கிட்டார்."