முன்னாடி இருந்தே வருகிற சத்தம்

பஃபலோ ரோடு,
ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை கபிலன் அவர்களுக்கு,

செம்பவாங்கில் நீங்களும் நிரஞ்சனாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். வண்டி நலமில்லை. அதன் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. நேரில் பேசினால் "சரி மாப்பிள்ளை" என்று சொல்லிவிடுவேன். குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதினால் என் மகள் சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுவாள். ஆகவே தபால். பள்ளி அறிவியல் கூடத்தில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்த பழக்கத்தில், சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்துகிறேன்.

1. சத்தம் உண்மை.
2. அது வண்டியின் முன்பக்கத்திலிருந்து வருகிறது. சாட்சி உண்டு.
3. அதற்குக் காரணம் உங்கள் மலாக்காப் பயணம்.
4. என் காது நன்றாக இருக்கிறது (பெரும்பாலும்).
5. நான் கோபமாக இருக்கிறேன்.
6. சாவி.

தீபாவளி விடுமுறையில் நீங்கள் வண்டியை மலாக்காவுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தீர்கள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நானும் உங்கள் அத்தையும் காத்தோங்கில் செண்பக விநாயகரைப் பார்க்கப் புறப்பட்டோம். நான் ஓட்டும்போது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவன் என்பது குடும்பத்துக்கே தெரியும். அதைச் சொல்லி நீங்கள் சிரிப்பதும் எனக்குத் தெரியும். அன்று பூஜைக்கு நேரமாகிவிட்டது. "ஏங்க, பக்கத்துல போற பஸ்ஸுல இருக்கிறவங்க நமக்கு டாட்டா காட்டுறாங்க, கொஞ்சம் அழுத்துங்களேன்" என்று உங்கள் அத்தை சொன்னதால், ஈசிபி விரைவுச்சாலையில் வாழ்க்கையில் முதல் தடவையாக அழுத்தினேன். ஐம்பத்தெட்டில் ஒரு முனகல். அறுபத்தைந்தில் ஒரு ரீங்காரம். எழுபத்தைந்தில், நாகசுரக்காரர் சுருதி சேர்ப்பது போல, "ஙொய்ங்ங்ங்" என்று ஒரு நீண்ட ஓலம். ஐம்பதுக்கு இறங்கினால் மௌனம். மறுபடி ஏற்றினால் மறுபடி ஓலம். நான் இதைக் கனவு கண்டேன் என்கிறீர்களா?

என்னை நானே நம்பாதவன் நான். ஆகவே நான்கு வெள்ளிக்கிழமைகள் ஒரு குறிப்பேடு வைத்துச் சோதித்தேன். எழுபதில் போகும்போது பெடலிலிருந்து காலை எடுத்தேன். எஞ்சின் சத்தம் இறங்கியது, ஓலம் இறங்கவில்லை. ஆகவே எஞ்சின் அல்ல. வளைவில் இடப்பக்கம் திரும்பினேன், மாற்றமில்லை. வலப்பக்கம் திரும்பினேன், மாற்றமில்லை. புதிதாகத் தார் போட்ட சாலை, பழைய சாலை, இரண்டிலும் ஒரே மாதிரி. மூன்றாம் வெள்ளியன்று உங்கள் அத்தையிடம், "தங்கம், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு, சத்தம் வருதா இல்லையா?" என்று கேட்டேன். அவள் கண்ணை மூடவில்லை. "நீங்க கண்ணைத் திறந்து ஓட்டுங்க முதல்ல. சத்தம் முன்னாடி இருந்தே வருதுங்களே!" என்றாள். கவனியுங்கள். வெறுமனே "முன்னாடி இருந்து" இல்லை, "இருந்தே". அந்த ஏகாரம் தேற்றேகாரம், ஐயத்தை நீக்குவது. குறிப்பேட்டில் "முன்பக்கம், உறுதி, சாட்சி: தங்கம்" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

பிறகு உபி வட்டாரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருக்கும் சுஹைப் நல்ல பையன், மரியாதையானவன், ஆனால் நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் பதிலை முடித்துவிடுகிறவன். "அங்கிள், ஸ்பீடு ஏற ஏற சத்தம் ஏறுதுன்னா அது வீல் பேரிங் தான் லா. நூத்துக்குத் தொண்ணூறு." பேரிங் என்றால் திருப்பத்தில் சத்தம் மாற வேண்டும், இது மாறவில்லையே தம்பி என்று குறிப்பேட்டை நீட்டினேன். "அப்போ மீதிப் பத்துல வருது அங்கிள். மாத்திப் பாத்துருவோம்." நான் "சரி தம்பி" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. இடது பேரிங்கை மாற்றினான், ஓலம். வலது பேரிங்கை மாற்றினான், ஓலம். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் போட்டான். அதே ஓலம், அதே சுருதி. ஒவ்வொரு முறையும் அவன் பட்டறைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஒண்ணுமே கேக்கலையே அங்கிள்" என்றான். அந்தத் தெருவில் நாற்பதில் போவதற்கே இடமில்லை. இதைச் சொல்ல நான் மூன்று முறை வாயைத் திறந்தேன், மூன்று முறையும் அவனுக்குப் போன் வந்தது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, "நான் ஒரு ரவுண்டு பாக்குறேன் மாமா" என்று எடுத்துக்கொண்டு போனீர்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேக்காவில், ஊரே நடுரோட்டில் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், இரண்டு சுற்று. முப்பதைத் தொட்டிருக்க மாட்டீர்கள். திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் என்ன சொன்னீர்கள்? "காரு நல்லாத்தான் இருக்கு மாமா. காதைத்தான் சர்வீஸுக்கு விடணும் போல." என் மகள் சிரித்தாள். உங்கள் அத்தையின் அக்கா பாயசம் புரைக்கேறுகிற அளவு சிரித்தார். அதோடு விட்டீர்களா? "சாவி எங்கிட்டயே இருக்கட்டும், ஒரு சேஃப்டிக்கு. சிஓஇ பெர்மிட்டு அடுத்த வருஷம் முடியுது, ஸ்க்ராப் பண்ணிடலாம். எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்லயே இருக்கு லா." நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

எம்ஆர்டி வாசல்ல இருக்குன்னு எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? முப்பத்தோரு வருஷம் பஸ்ஸுலயும் ரயில்லயும் போனவன் நான். உங்க அத்தைக்கு ரெண்டு முழங்காலும் போச்சு. ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறி, பஸ்ஸை விட்டு இறங்கி கோயில் இருக்கிற சிலோன் ரோடு வரைக்கும் அவளால நடக்க முடியுமா? வாரம் ஒரு நாள் அவ வெளிய போறதே அந்த வெள்ளிக்கிழமைதான். போன வெள்ளி போகலை. பால்கனியில நின்னு கும்பிட்டா. சாவியை எடுத்தது நீங்க, கும்பிட்டது அவ, பார்த்துக்கிட்டு நின்னது நான். கோபம் வருமா வராதா?

மன்னிக்கவும். பேச்சுவழக்கில் எழுதிவிட்டேன்.

நிரஞ்சனா ஏற்பாடு செய்த காதுப் பரிசோதனைக்கும் போனேன். "மிதமான குறைபாடு" என்று முடிவு வந்திருப்பதை நீங்கள் குழுவில் போட்டீர்கள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒலி கேட்டவுடன் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒரே ஒரு முறை கேட்டதை எப்படி உறுதி என்று பதிவு செய்வது? ஒவ்வொரு ஒலியும் மூன்று முறை கேட்ட பிறகே அழுத்தினேன். சில ஒலிகள் இரண்டு முறைதான் வந்தன. அது என் காதின் குறை அல்ல, என் முறையின் குறை. ஒருவேளை காதிலும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அந்த ஓலம் என் காதில் இல்லை.

ஆகவே ஒரு முடிவுதான் மீதம் இருக்கிறது. மலாக்காவுக்கு முன் அந்தச் சத்தம் இல்லை, மலாக்காவுக்குப் பின் இருக்கிறது. போகும் வழியில் ஏதோ ஒரு குழியிலோ மேட்டிலோ வண்டியை இறக்கி, முன்பக்கத்தில் எதையோ கோணலாக்கிவிட்டு, சொல்லாமல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். நிறுத்திவிட்டு என் காதைக் குறை சொல்கிறீர்கள். ஒத்துக்கொள்ளுங்கள். சாவியைக் கொடுங்கள். இதற்கு மேல் கடுமையாக எழுத எனக்கு வராது. இதையே மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறேன்.

செண்பக விநாயகர் அருளால் நீங்களும் நிரஞ்சனாவும் எல்லா வளமும் பெற்று வாழ என் ஆசிகள். அத்தை உங்களுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
கோபத்துடனும் அன்புடனும் (இந்த வரிசையில்),
மாமா ரெங்கசாமி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், வண்டி எண்ணையும் குறிப்பிடலாம் என்று நினைத்தேன். எண் மனப்பாடம்தான். இருந்தாலும் பார்க்காமல் எழுதக்கூடாது என்பதால் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கிப் போய், வண்டியின் முன்னால் குனிந்தேன். அங்கே, காற்று உள்ளே போகும் கிரில்லின் குறுக்கே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு ராஃபியா பிளாஸ்டிக் கயிறு. நாடா போலத் தட்டையாக, விறைப்பாக, கருப்பாக. ஆயுத பூஜைக்கு மாலையும் மாவிலையும் கட்ட நான் கட்டிய கயிறு. "சாமி காரியத்துக்குக் கருப்புக் கயிறாங்க?" என்று அன்றே உங்கள் அத்தை கேட்டாள்; கிரில்லின் நிறத்தோடு ஒத்துப்போய்க் கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும் என்றேன். எவர் கண்ணையும் உறுத்தவில்லை. மாலையை மூன்றாம் நாள் எடுத்துவிட்டேன். கயிற்றை எடுக்கவில்லை, நான் போடும் முடிச்சு அவிழாது.

மண்டியிட்டு, வாயைக் கிட்டத்தில் வைத்து ஊதினேன். "ஙொய்ங்" என்றது. இன்னும் பலமாக ஊதினேன். சுருதி ஏறியது. அப்போது பக்கத்துப் புளோக் நெய்னா முகம்மது கடைப் பையோடு வந்து நின்று, "என்ன ரெங்கசாமி அண்ணே, காருக்கு மூச்சு நின்னுருச்சா?" என்று கேட்டார். மூன்று முறை உறுதி செய்யும்வரை நான் பதில் சொல்லவில்லை.

மேலே வந்து உங்கள் அத்தையிடம் சொன்னேன். "அதைத்தானேங்க நான் அன்னைக்கே சொன்னேன், முன்னாடி இருந்தே வருதுன்னு! மாப்பிள்ளை மலாக்கா போறதுக்கு முந்தின வாரம், அக்காவைக் கூப்பிட சாங்கி ஏர்போர்ட்டுக்கு அவரு ஓட்டிக்கிட்டுப் போனாரே, அப்பவே ஙொய்ங்னுச்சு. அவரும் கேட்டாரு. கேட்டுட்டுப் பாட்டைக் கூட்டி வச்சுட்டாரு" என்றாள். அவள் காலத்தைச் சொல்லியிருக்கிறாள். நான் இடம் என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன். தேற்றேகாரம் சரி, தேறாதவன் நான்.

கயிற்றை அறுக்கவில்லை. அது சாட்சிப் பொருள். வரும் வெள்ளி சாவியோடு வாருங்கள். நான் ஓட்டுகிறேன், அத்தை பின்னால், நீங்கள் என் பக்கத்தில், பாட்டு இல்லாமல், ஈசிபியில் எழுபத்தைந்து. நீங்கள் நன்றாகக் கேட்ட பிறகு, கோயில் வாசலில் கத்தரிக்கோலை உங்கள் கையில் தருகிறேன். குற்றவாளி நான்தான் மாப்பிள்ளை, ஆனால் காது கேட்கிற குற்றவாளி. முதல், இரண்டாம், நான்காம், ஆறாம் குறிப்புகள் அப்படியே நிற்கின்றன. ஐந்தாவது கொஞ்சம் குறைந்திருக்கிறது. மூன்றாவது தவறு.