டெக்குக்குக் கீழே நாலு சிரட்டை

எங்கேயாவது அரிசி வறுபடும் மணம் வந்தால் நான் எழுந்துபோய் ரிவிப் பெட்டியின் முதுகைத் தொட்டுப் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் ஏதோ பலகாரத்துக்கு வறுக்கிறார்கள் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் கால் நிற்காது. கை வைத்து, சூடில்லை என்று கண்டபிறகுதான் மூச்சு கீழே இறங்கும். என் வீட்டுக்காரர் இதை வியாதி என்கிறார். நான் மனச்சாட்சி என்கிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அந்தக் காலத்தில் நான் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். அதிலும் வெப்பம் என்ற பாடத்தில் எனக்குத் தனிப் பெருமை. சூடான வளி மேலே எழும், குளிர்ந்த வளி வந்து அந்த இடத்தை நிரப்பும், இதற்கு மேற்காவுகை என்று பெயர். கரும்பலகையில் அம்புக்குறி கீறிக் கீறி என் விரலில் சோக்குத் தூள் ஊறியிருந்தது. ஆனால் பாடம் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. வீட்டுக்கு அது என்னோடு வரவில்லை. (சைக்கிளின் பின் கரியரில் இடம் இருந்தது. ஆனாலும் வரவில்லை.)

சண்டை ஓய்ந்து பாதை திறந்து, கொழும்பிலிருந்து சாமான்கள் லொறி லொறியாக வரத் தொடங்கிய வருசம் அது. குவைத்தில் இருந்த சித்தப்பா புளியங்கூடலில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ரிவி, ஒரு வீடியோ டெக், ஒரு அம்பிளிபயர், இரண்டு ஸ்பீக்கர், இவற்றையெல்லாம் ஓட்ட ஒரு ஜெனரேற்றர் என்று இறக்கினார். திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்து, "நீதானே இந்த வீட்டு விஞ்ஞானி. பத்திரமாப் பார்" என்றார்.

அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது.

எங்களுடையது தீவு. தீவில் மின்சாமான் வைத்திருப்பவருக்கு முதல் எதிரி உப்புக் காற்று. அது யன்னல் கம்பியை நக்கும், சைக்கிள் செயினைச் சப்பும், ஆணிக்கு மொட்டை போடும். அப்பாவின் பழைய ரேடியோவை ஒருமுறை திறந்தபோது உள்ளே பச்சையாய், பாசி பிடித்து, ஒரு குட்டிக் கடலே இருந்தது. "இரும்பையே தின்னுற காத்து, உந்த மெல்லிய வயரை விடுமோ?" என்று அம்மா கேட்டார். விஞ்ஞானி களத்தில் இறங்கினாள்.

முன் ஹோலில் கண்ணாடி அலுமாரி ஒன்று இருந்தது. அதற்குள் இருந்த பீங்கான் கோப்பைகளை வெளியேற்றினேன். கீழ்த்தட்டில் அம்பிளிபயர். அதன் தலையில் டெக். உயரம் கொஞ்சம் இடித்தது. அதனால் இரண்டுக்கும் அடியில் இருந்த ரப்பர் கால்களைக் கழற்றி எறிந்தேன். (அழகுக்கு வைத்தவை என்று நினைத்தேன்.) அம்பிளிபயரின் மேற்பக்கத்தில் வரிவரியாக ஓட்டைகள். பல்லி போகும், உப்புப் போகும். புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்ரரை எடுத்து ஒரு வரி விடாமல் ஒட்டினேன். வயர் வெளியேறும் துவாரத்திலும் அலுமாரியின் இடுக்குகளிலும் மெழுகுதிரியை உருக்கி ஊற்றினேன். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று ஒரு சுண்டு அரிசியைத் துணியில் முடிந்து டெக்கின் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்திப் பூட்டினேன். அலுமாரியின் மேல் ரிவி, ரிவியின் மேல் அம்மாவின் பின்னல் விரிப்பு, விரிப்பின் மேல் பிளாஸ்ரிக் ரோசாப் பூச்சாடி. பிறந்த குழந்தையைக்கூட எங்கள் ஊரில் இப்படிப் பொத்தி வைத்ததில்லை.

அம்பிளிபயரோடு வந்த புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் அம்புக்குறிகள். நான் வகுப்பில் கீறும் அதே அம்புக்குறிகள். "பாட்டு நாலு பக்கமும் பரவுமாம்" என்று அம்மாவுக்கு விளக்கினேன். "நல்ல வடிவாக் கீறியிருக்கிறாங்கள்" என்றார் அம்மா.

பின்னேரத்தில் அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்போம், கொஞ்சம் படம் பார்ப்போம், நிறுத்துவோம். ஒரு குறையும் இல்லை. பாட்டு ஓடும்போது கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு லைற் மட்டும் எரிந்துகொண்டிருக்கும், கடலுக்கு அப்பால் ஒரு ஊர் போல. நான் அதைப் பார்த்துக் கவிதைகூட எழுதியிருக்கிறேன். (கிழித்துவிட்டேன்.)

அப்போதுதான் ரோசம்மா அக்கா வந்தார்.

ஊர்காவற்றுறையிலிருந்து எங்கள் பக்கத்துக்கு மீன் கொண்டுவருபவர் அவர். விற்று மிஞ்சியதைத் தானே கருவாடு போடுவார். ஒரே மகள் செலின் பதினெட்டு வயதில் கனடாவுக்குப் போய் ஏழு வருசம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவர் தலையில் மீன் கடகம் இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றிய எதையோ நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"ரீச்சர், எல்லா நாட்டுக் கசற்றும் ஓடுற டெக் உங்களிட்ட இருக்காம். மெய்யோ?"

"ஓம் அக்கா. மல்டி சிஸ்டம்" என்றேன். அதை நான் சொன்ன விதத்தில் அந்த டெக்கைப் பெற்றவளே நான்தான் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

"செலினுக்குக் கலியாணம் நடந்தது. கொழும்புக்கு வந்த ஒராள் கசற்றைக் கையோட கொண்டு வந்து தந்தது. எங்கட பக்கத்தில ரெண்டு டெக்கில போட்டுப் பாத்தனான். மழை பெய்யுற மாதிரிக் கோடு கோடாய் வருது. அதுக்குள்ள என்ர பிள்ளை நிக்கிறாள் எண்டு தெரியுது. முகந்தான் தெரியேல்லை."

கனடாவில் பிடிக்கும் முறை வேறு, இங்குள்ள டெக்குகளின் முறை வேறு. அதை விளக்கத் தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

"கசற்றின்ர கடைசியில என்னோட கதைச்சிருக்கிறாளாம். என்னடி கதைச்சனி எண்டு ரெலிபோனில கேட்டா, 'பாருங்கோவன்' எண்டுறாள். மருமகனையும் இன்னும் காணேல்லை. இது பழுதாப்போனா இன்னொண்டை ஆர் எப்ப கொண்டு வருவினமோ."

"ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. கடைசி மட்டும் காட்டுறன்" என்று வாக்குக் கொடுத்தேன். அந்தக் கசற் மூன்று மணித்தியாலம் ஓடும் என்பதை அப்போது நான் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் ரோசம்மா அக்காவின் அயலவர் தாசன் அண்ணையின் லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியது. அது இழுத்து வந்த பெட்டிக்குள் இருபத்தைந்து பேராவது இருந்திருப்பார்கள். எல்லோரும் கோயில் உடுப்பில். அதுவரை குசினி வாசலைத் தாண்டி வராத ரோசம்மா அக்காவை அம்மா முன் ஹோலுக்குக் கூட்டிவந்து நல்ல கதிரையில் இருத்தினார். அவர் அதன் நுனியில் மட்டும் இருந்தார், எப்போதும் எழும்பத் தயார் என்பது போல.

வெயில் திரையில் படாமல் யன்னல்களைச் சாத்தினேன். போதாமல் போர்வைகளும் தொங்கவிட்டேன். ஜெனரேற்றர் போட்ட சத்தத்தில் கசற்றில் பேசிய கனடா பாதரின் குரல் கேட்கவில்லை. அம்பிளிபயரை முக்கால்வாசிக்குத் திருப்பினேன். இப்போது எண்ணிப் பார்த்தால், ஒரு பெட்டியை அவிப்பதற்கு என்னென்ன தேவையோ அத்தனையையும் வரிசை பிசகாமல் செய்திருக்கிறேன்.

படம் தெளிவாக வந்தது. வெள்ளை உடுப்பில் செலின். ஹோல் முழுக்க ஒரு பெருமூச்சு.

"மெலிஞ்சு போனாள்" என்றார் ரோசம்மா அக்கா.

"எங்கை மெலிஞ்சது? ரெண்டு மடங்காயிருக்கிறாள்" என்றார் பின்னாலிருந்த தாசன் அண்ணை.

"உன்ர கண்ணுக்கு எல்லாம் வள்ளம் மாதிரித்தான் தெரியும். பேசாமல் இரு."

"இந்தக் கார் ஊர்வலத்தைக் கொஞ்சம் வேகமா ஓடவிடுவமோ அக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்டையும் ஓடவிட ஏலாது. அவள் நடந்த மாதிரியே நானும் நடந்து போறன்."

ஹோலுக்குள் எல்லோரும் வியர்த்தோம். விசிறிகள் ஆடின. ஆளுக்கு ஆள் விசுக்கினோம். பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால் அம்பிளிபயர் என்றொருத்தி முக்கிக்கொண்டிருந்தாள், அவளுக்கு மட்டும் விசுக்க ஒருவரும் இல்லை.

இரண்டாவது மணித்தியாலத்தில் அந்த மணம் வந்தது. முதலில் நல்ல மணமாகத்தான் இருந்தது. அம்மா குசினிக்கு ஓடினார், திரும்பி வந்தார். "அடுப்பு நூந்து, சாம்பலாத்தான் கிடக்கு." மறுபடி ஓடினார். "ஆற்றையோ வீட்டில அரிசி வறுக்கினம்" என்று தீர்ப்புச் சொன்னார். திரையில் பாதர் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். "அங்கத்தைச் சாம்பிராணி இப்பிடித்தான் மணக்கும் போல" என்றார் தாசன் அண்ணை. சிலர் தலையாட்டினார்கள். விஞ்ஞான ரீச்சரும் தலையாட்டினாள்.

கேக் வெட்டப் போகும்போது சத்தம் இழுபட்டது. வாழ்த்துச் சொல்ல வந்தவர் எருமைக் குரலில் வாழ்த்தினார். பிறகு குரலே இல்லை. செலினின் முகத்தில் ஒரு கோடு விழுந்தது, இரண்டு விழுந்தது, வெள்ளை உடுப்பு நெளிந்தது, கத்தி கேக்கைத் தொடுமுன் திரை நீலமாகிவிட்டது.

அலுமாரியைத் தொட்டேன். கண்ணாடி தோசைக்கல்லாக இருந்தது. இடுக்கில் ஊற்றிய மெழுகு உருகி, அழுதவள் கன்னம் போல, வழிந்து நின்றது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து அடித்த அனலில் வறுத்த அரிசியும் தீய்ந்த பிளாஸ்ரரும் சேர்ந்து மணந்தன. கசற்றை வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினேன். டெக் அசையவில்லை. இன்னொருமுறை. இல்லை.

"நெருப்புப் பிடிக்கப் போகுது, விலகுங்கோ" என்று தாசன் அண்ணை கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்தார். ரோசம்மா அக்கா கதிரையிலிருந்து எழும்பி, இரண்டு கையையும் விரித்து அலுமாரிக்கு முன்னால் நின்றார்.

"தண்ணி ஊத்தினியோ, உன்னை அதே வாளிக்குள்ள அமத்துவன். உள்ளுக்க என்ர பிள்ளை நிக்கிறாள்."

தாசன் அண்ணை வாளியைக் கீழே வைத்தார். ஜெனரேற்றரை யாரோ நிற்பாட்டினார்கள். வந்த அமைதியில் இருபத்தைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். மேற்காவுகை என்ற சொல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ரோசம்மா அக்கா குனிந்து உள்ளே பார்த்தார். அம்பிளிபயரின் மேல் அப்பிக்கிடந்த டெக்கை, ஒட்டியிருந்த பிளாஸ்ரரை, அரிசி முடிச்சை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது ஆர் அடுக்கினது?"

"நான்தான்."

"கருவாட்டை இப்பிடி அடுக்கினா நான் அடுத்த நாள் பிச்சை எடுக்க வேணும், ரீச்சர். ஒண்டுக்கு மேல ஒண்டு கிடந்தாப் புழுங்கிப் போடும். கீழால காத்துப் போகவேணும். உங்கட பள்ளிக்கூடத்தில உதுகள் சொல்லிக் குடுக்கிறேல்லையோ?"

"சொல்லிக் குடுக்கிறது" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் மாணவிகூட இல்லை, வெறும் சாமான் தூக்கி. பெட்டிகளைத் துணி பிடித்துத் தூக்கி விறாந்தைக்குக் கொண்டுபோனோம். ரோசம்மா அக்கா குசினிப் பின்பக்கத்திலிருந்து தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கி வந்து கவிழ்த்து வைத்தார். ஒரு பெட்டிக்கு நாலு. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு முழம். பிளாஸ்ரரை நகத்தால் உரித்தார். சாட்டிக் கடற்கரைப் பக்கமிருந்து காற்று வந்தது. நான் மெழுகு ஊற்றித் தடுத்த அதே உப்புக் காற்று, ஒரு கோபமும் இல்லாமல், பெட்டிகளின் அடியால் புகுந்து மேலால் போனது.

அம்மா தேத்தண்ணி கொடுத்தார். ரோசம்மா அக்கா செபமாலையை உருட்டிக்கொண்டு டெக்கின் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். நான் என் பங்குக்குப் பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் நேர்ந்தேன். (கழற்றி எறிந்த ரப்பர் கால்களுக்காக ஒன்று கூட்டி நான்காக்கினேன்.)

ஒரு மணித்தியாலம் கழித்து டெக்கைத் தொட்டுப் பார்த்தேன். ஆறியிருந்தது. ஜெனரேற்றரைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் தள்ளிவைத்துப் போட்டார்கள். பொத்தானை அழுத்தினேன். கிர்ர் என்றது. நின்றது. மறுபடி கிர்ர். வைத்தியருக்கு நாக்கை நீட்டும் நோயாளி போல, டெக் கசற்றை மெல்ல வெளியே நீட்டியது. நாடாவில் ஒரு சின்னக் கசங்கல், அவ்வளவுதான். நானும் நிலத்தில் இருந்துவிட்டேன். அப்படி ஒரு ஆறுதல் எனக்கு என் பரீட்சை முடிவுகளிலும் வந்ததில்லை.

அம்பிளிபயர் மட்டும் அன்றோடு பேச்சை நிறுத்தியது. ரிவியின் சொந்தக் குரலே போதும் என்று யன்னல்களை எல்லாம் திறந்து, வெளிச்சத்தில் கொஞ்சம் மங்கலாகவே மிச்சத்தைப் பார்த்தோம். கேக் வெட்டுமிடத்தில் மட்டும் செலினின் கை நெளியும். இன்றைக்கும் அந்தக் கசற்றில் நெளிகிறதாம்.

கடைசியில் அவள் கமராவுக்கு நேரே வந்து நின்றாள். ஹோலில் விசிறிகள் நின்றன.

"அம்மா, நான் நல்லாச் சாப்பிடுறன். அழாதேங்கோ. இவர்தான் உங்கட மருமகன். நல்லவர். ஒரு விசயந்தான் உங்களுக்குச் சொல்லப் பயந்து இருந்தனான். இவர் மீன் சாப்பிடமாட்டார்."

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை குற்றவாளியாகத் தலைகுனிந்தார்.

ரோசம்மா அக்கா சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது. "உதைச் சொல்லவோடி இவ்வளவு தூரம் சுத்தினனீ" என்று ரிவியைக் கேட்டார். கதிரையில் நன்றாகச் சாய்ந்தே இருந்தார். இருபத்தைந்து பேரும் சிரித்த சிரிப்பில் பூச்சாடி விழுந்தது. நான் அதைத் திரும்ப ரிவியின் மேல் வைக்கவில்லை.

அதன்பிறகு ஊர்காவற்றுறைப் பஸ்ஸில் சனம் நெருங்கினால் "ரீச்சர் அடுக்கின மாதிரிக் கிடக்கு" என்று சொல்லத் தொடங்கினார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சிரட்டையில் நிற்கும் டெக்கைப் பார்த்து இது என்ன சாத்திரம் என்று கேட்க, அப்பா முழுக் கதையையும் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் அப்படியும் கட்டினார். இப்போது டெக் இல்லை. இன்ரநெற் பெட்டி நிற்கிறது, நாலு சிரட்டையின் மேல். என் பிள்ளைகள் விருந்தாளிகளுக்கு அதைக் காட்டிக் கதை சொல்வார்கள், நான் குசினிக்குள் போய்விடுவேன்.

மூன்று வருசம் கழித்து ரோசம்மா அக்காவுக்கு விசா கிடைத்தது. பஸ்ஸடிக்குப் போனேன். பெரிய பையொன்று, வாய் கட்டியும் கருவாடு மணந்தது. மீன் சாப்பிடாத மருமகனுக்கு இவ்வளவா என்று கேட்டேன். "பழக்கிப் போடுவன்" என்றார். பஸ் இரைந்தது. நடுவில் காற்றுப் போக இடம் விட்டு அடுக்கினீர்களோ என்று கேட்டேன். அவர் படியில் ஏறி, திரும்பிப் பார்த்தார்.

"அடுக்கிறது என்ர வேலை, ரீச்சர். நீங்கள் படிப்பியுங்கோ."