வொய்ஸ் மாஸ்டரும் வராத தண்ணீரும்

வகுப்புக்குள் போனை எடுக்காத மாணவரைத் திட்டித் தீர்த்த ஒரே வாத்தியார், இந்த உலகத்திலேயே எங்கள் வெள்ளவத்தை வொய்ஸ் மாஸ்டர்தான். மற்ற வாத்திமார் போனைப் பறிப்பார்கள். இவரோ, "என்ன, போன் சும்மா கிடக்குது? சார்ஜ் இல்லாதது போனுக்கோ, உமக்கோ?" என்று பாய்வார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், தன் ஃபிளாட்டின் முன்னறையில், வளர்ந்தவர்களுக்குச் சிங்களம் பேசப் பழக்கினார்.

நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். சிங்கள வாய்மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் வேலை நிரந்தரமாகும். எழுதச் சொன்னால் புலி. ஆனால் வாய்மொழியில் இரண்டு தடவை கோட்டை விட்டவன். கேள்வி கேட்பவரின் முகத்தைப் பார்த்ததுமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது தடவையும் தவறினால் வேலை கையில் இருக்காது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

மாஸ்டரிடம் புத்தகமே இல்லை. ஒரு வட்ஸ்அப் குறூப்தான் புத்தகம். எழுதி அனுப்பக் கூடாது, குரல் மட்டும். அனுப்பியதை எக்காரணம் கொண்டும் அழிக்கக் கூடாது. கட்டைவிரல் படம் போட்டுத் தப்பப் பார்த்த, கிருலப்பனையிலிருந்து வரும் அக்காவுக்கு, "விரல் பாஸ். வாய் எங்க?" என்று பதில் வந்தது.

ஒரு நாள் குறூப்பில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பார்த்தால், சந்தையில் மீன் விற்கிற சிங்கள அண்ணன், சுனில் அய்யே! "இவருக்கு விளங்கினாத்தான் அது சிங்களம். எனக்கு விளங்கி என்ன பிரயோசனம்?" என்றார் மாஸ்டர். அன்றிலிருந்து சுனில் அய்யே மீன் வெட்டியபடியே எங்கள் குரல்களைக் கேட்டுத் திருத்தினார். பின்னால் கத்தி டொக் டொக்கென்று கேட்கும். என்னுடைய முதல் வொய்ஸுக்கு வந்த பதிலில் கத்திச் சத்தமே இல்லை. இன்றைக்குப் பாரை மீன் நல்லது என்று மட்டும் சொன்னார்.

பரீட்சைக்கு ஒரு கிழமை இருக்கும்போது மாஸ்டர் வீட்டுவேலை தந்தார்: "வீட்டில தண்ணி வரேல்லை எண்டு சிங்களத்தில சண்டை பிடியுங்கோ." நான் குளியலறைக்குள் புகுந்து, கதவைப் பூட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் சீறினேன். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை, மொட்டைமாடித் தாங்கியை எட்டிப் பார்க்க ஆளில்லை, உங்களுக்கு வெட்கமாக இல்லையா! அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். போனது வகுப்புக் குறூப்புக்கு அல்ல, எங்கள் ஃபிளாட்காரர்களின் குறூப்புக்கு. குழாயிலோ தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"அழியுங்கோப்பா, கெதியா அழியுங்கோ!" என்று மனைவி அலறினாள். எனக்கோ மாஸ்டரின் அழிக்கக் கூடாது என்ற சட்டம் ஞாபகம் வந்தது. நடந்ததைச் சொல்ல மாஸ்டருக்கு போன் எடுத்தேன்.

"மாஸ்டர், அழிக்கட்டே?"

"அழிச்சீரெண்டா இந்தப் பக்கம் வராதையும். இப்ப ஆக்கள் வருவினம். கதவைத் திறந்து கதையும்."

வந்தார்கள். குடியிருப்புச் சங்கத் தலைவரான சிங்கள ஐயா, எங்கள் மாத்தயா, மொட்டைமாடிக் கதவுத் திறப்போடு நின்றார், பின்னால் குழாய் திருத்துகிற இருவர். ஆறு வருடமாக லிஃப்டில் எனக்குத் தலையை மட்டும் ஆட்டிய மனிதர். "வத்துர நெத்த?", தண்ணீர் இல்லையா என்று பதறினார். தண்ணீர் இருக்கிறது, பிரச்சினை பரீட்சைதான் என்று சிங்களத்தில் தொடங்கினேன். பிழை பிழையாகத்தான் வந்தது. ஆனால் வந்தது! மீன்காரர், டொக் டொக், இரண்டு ஃபெயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

பரீட்சையில், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். இதே கதையைச் சொன்னேன். அவர்கள் போதும் என்னும்வரை நான் நிறுத்தவில்லை. சித்தி!

முதல் வொய்ஸை மாஸ்டருக்குத்தான், பஸ் நிலையத்தில் நின்றே அனுப்பினேன். பாராட்டுவார் என்று பார்த்தால், "ஒரே பஸ் சத்தம். திருப்பி அனுப்பும்" என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. பிறகு சுனில் அய்யேதான் சொன்னார், மாஸ்டர் அந்தப் பஸ் சத்தத்தோடேயே அதை மீன்கடைக்குக் கொண்டுவந்து நாலு தரம் போட்டுக் காட்டினாராம்.

வகுப்பை விட்டு மூன்று வருடமாகிவிட்டது. இன்றும் வேலைக்குப் போகுமுன் அவருக்கு ஒரு வொய்ஸ் அனுப்புகிறேன். பதில் ஒன்றும் வராது. ஆனால் அவர் கேட்டால் என் போனில் அந்தச் சின்ன மைக் நீலமாகும். அது நீலமாகும்வரை எனக்குப் பஸ் ஏற மனம் வருவதில்லை.