முன்கல்லுக்குப் பதினோரு சட்டி

ஓட்டுப் போட்டவர்கள் பதினோரு பேர். மாசிலாமணி மூன்றாவது முறை எண்ணியபோதும் ஓட்டு அறுபத்துமூன்று இருந்தது.

"இன்னா நைனா, கொறையுதா?" என்று மீன்காரி கெங்கம்மா அக்கறையாகக் கேட்டாள்.

"குறையல. கூடுது."

"கூடுனா நல்லதுதானே! மூஞ்சிய ஏன் அப்டி வெச்சிக்கினு கீறே?"

மயிலாப்பூரில் அந்த மீன் மார்க்கெட்டின் வாசலை ஒட்டி இருந்த கருங்கல் மேடைக்கு முன்கல் என்று பெயர். உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன்மேல் கிடக்கும் மீனைத்தான். அதில் உட்கார்ந்து விற்றவள் கோவளத்துக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். மீதிப் பதினோரு பேரும் அந்தக் கல் தனக்குத்தான் என்றார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்ற பத்துப் பேரின் வாயில் விழ வேண்டும். அந்த வாய்களை மாசிலாமணி நன்றாக அறிவான்.

மார்க்கெட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த மெஹபூப் அலி சாயபு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சண்டை கூடாது. நாலு வாரத்துல முடியணும். இல்லேன்னா உன் நாற்காலிக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

வாசலில் உட்கார்ந்து நுழைவுச் சீட்டுக் கிழிக்கும் அந்த நாற்காலியை விட்டால் மாசிலாமணிக்கு வேறு பிழைப்பு இல்லை. மனைவிக்கு அது ஆறாம் மாதம்.

இருபத்தொரு வயதான எல்லாருக்கும் இனி ஓட்டு உண்டு என்று அந்த 1949-ல் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. குப்பத்துக்குக்கூட சர்க்கார் ஆள் வந்து பெயர் எழுதிப் போயிருந்தான். ஒரு தேசத்துக்கே தேர்தல் போதும் என்றால் ஒரு கல்லுக்குப் போதாதா என்று மாசிலாமணி நினைத்தான். கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தான். கோணித் திரைக்குப் பின்னால் பதினோரு சட்டிகள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒருத்தியின் சின்னமாகச் சுண்ணாம்பால் ஒரு மீன் வரைந்தான். ஆளுக்கு ஒரு கிளிஞ்சல் கொடுத்து, பிடித்த சட்டியில் போடச் சொன்னான்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களிடம் கிளிஞ்சலைக் கொடுத்தது தப்பு என்று இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"மடியில கெடந்துச்சு, போட்டேன்" என்றாள் லூர்துமேரி. "ஒண்ணுக்கு மேல போடக் கூடாதுன்னு நீ சொன்னியா?"

அதற்குள் மார்க்கெட் வாசலில் இருபது முப்பது பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் சூடாமணி ஐயர், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மேல்துண்டால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு நின்றார்.

"எல்லாருக்கும் ஓட்டுக் குடுத்தா இப்படித்தாங்காணும் ஆகும்" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "சீட்டு அச்சடிச்சுன்னா குடுக்கணும்!"

அடுத்த புதன்கிழமை மாசிலாமணி நுழைவுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தான். போன வாரச் செய்தி மாட வீதிகளில் பரவியிருந்ததால் டிராமிலிருந்து இறங்கியவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தார்கள். சட்டிகளைக் கவிழ்த்தான். பதினோரு சட்டி, சட்டிக்கு ஒரு சீட்டு.

"அவாவா தனக்கே போட்டுண்டுட்டா" என்றார் சூடாமணி ஐயர். "சுயநலம்! ஒருத்தி உள்ளே போறச்சே அவளோட சட்டியை வெளியே எடுத்துடும். அப்போ அடுத்தவாளுக்குப் போட்டுத்தானே ஆகணும்?"

அதுவும் சரியென்று பட்டது. மூன்றாவது புதன்கிழமை ஒருத்தி திரைக்குள் நுழையும் முன் அவள் சட்டியை வெளியே தூக்கி வைப்பதும், அவள் வெளியே வந்ததும் உள்ளே தூக்கி வைப்பதுமாக மாசிலாமணிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கூட்டம் வாசலை அடைத்துத் தெருவில் நின்றது. பைகளும் கூடைகளும் அவன் முகத்தில் இடித்தன. போதாக்குறைக்கு, ஓட்டு எண்ண ஆரம்பிப்பதற்குள் பெண்களின் கூடைகளும் காலியாகிவிட்டதால், வேறு வேலையில்லாமல் பதினோரு பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

சட்டிகளைக் கவிழ்த்தான். சட்டிக்கு ஒரு சீட்டு.

"எப்படிங்காணும்?" சூடாமணி ஐயர் வியப்பில் துண்டை எடுத்துவிட்டு, உடனே பதறி மறுபடி பொத்திக்கொண்டார்.

"அவுங்கவுங்க மனசாட்சி, சாமி" என்றாள் கெங்கம்மா.

"உன் மனசாட்சி யாருக்குப் போட்டுது?"

"ரகசிய ஓட்டு சாமி. கேக்கக் கூடாது. நைனாதான் சொல்லிக் குடுத்துச்சு."

ஐஸ் கட்டி கொண்டுவந்து போடும் அப்துல் வஹீத் மாசிலாமணியைத் தனியே அழைத்துப் போனார். "தம்பி, பதினோரு பேர் நின்னா இப்படித்தான். ரெண்டே பேரை நிறுத்து. பதினொண்ணைச் சரிபாதியா வெட்ட எவனாலயும் முடியாது. ஒருத்தி தோத்தே ஆவணும்."

மாசிலாமணிக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. வயதில் மூத்தவர்களான கெங்கம்மாவையும் லூர்துமேரியையும் வேட்பாளர்கள் என்று அறிவித்தான். இருவரும் அந்த வாரம் முழுவதும் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டார்கள். "அவ முன்கல்லுல குந்துனா மீனே வெக்கப்பட்டுக்கினு கடலுக்கு ஓடிப்பூடும்" என்றாள் லூர்துமேரி. கெங்கம்மா சொன்ன பதிலைக் கேட்டு மாசிலாமணி காதைப் பொத்திக்கொண்டான்.

நாலாவது புதன்கிழமை அடையாற்றிலிருந்து ஆட்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். ஒருவன் வேர்க்கடலை விற்றான். மெஹபூப் அலி சாயபுவும் வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அதில் உட்காரவில்லை என்பதைப் பார்த்ததும் மாசிலாமணி அவசரமாகச் சட்டிகளைக் கவிழ்த்தான்.

முதல் சட்டியில் ஐந்து முழுச் சீட்டுகள் இருந்தன. இரண்டாவது சட்டியிலும் ஐந்து. பதினோராவது சீட்டு நேர் நடுவில் கிழிக்கப்பட்டு, பாதி இதிலும் பாதி அதிலுமாகக் கிடந்தது.

"யார் இதைக் கிழிச்சது?" மாசிலாமணி இரண்டு பாதிகளையும் தூக்கிக் காட்டினான்.

"ரகசிய ஓட்டு!" என்று தெருவே கத்தியது.

சாயபு நாற்காலியின் முதுகைப் பிடித்தார். "மாசிலாமணி, நாலு வாரம் முடிஞ்சுது."

அந்தக் கை நாற்காலியை நகர்த்துவதை மாசிலாமணி பார்த்தான். சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒன்றைக் கிழித்தான். கண்ணை மூடிக்கொண்டு கைக்குக் கிடைத்த சட்டியில் போட்டான். கண்ணைத் திறந்தபோது அது கெங்கம்மாவின் வஞ்சிரச் சட்டி.

"எனக்கும் இருபத்தொரு வயசு ஆயிடுச்சு! எனக்கும் ஓட்டு உண்டு!" என்று கத்தினான். "கெங்கம்மா ஜெயிச்சுட்டாங்க! இனிமே தேர்தல் கிடையாது!"

சாயபு நாற்காலியை விட்டார். "இதை மொதல் வாரமே செஞ்சிருக்கலாமே" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. சூடாமணி ஐயர், "சர்வாதிகாரம்!" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

பத்துப் பேரின் வசவுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு மாசிலாமணி திரும்பினான். யாரும் ஏசவில்லை. லூர்துமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கெங்கம்மா முன்கல்லின் மேல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

"என்னக்கா இது? தோத்தவங்க அழுவுறாங்க, சரி. ஜெயிச்ச நீங்க ஏன் அழுவுறீங்க?"

கெங்கம்மா காலியான கூடையை அவன் காலடியில் வீசினாள்.

"வேடிக்க பாக்க வந்த ஜனம் புதங்கெழமயில கூட மீன் வாங்கிக்கினு போவுதேன்னு, ஒருத்தியும் ஜெயிச்சிடக் கூடாதுன்னு நாங்க பதினோரு பேரும் கூடிக் கணக்குப் போட்டு ஓட்டுப் போட்டுக்கினு வந்தோம்; பாவி, ஒத்த ஓட்டுல என்னைய ஜெயிக்க வெச்சு எல்லார் வயித்துலயும் அடிச்சுட்டியே நைனா!"