ஆறு சக்கர வண்டியும் ஒரு மூடியும்

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்துல நானா ஒரு பொருள் வாங்கினதில்லை. சத்தியமா சொல்றேன். கத்தரிக்காய் வாங்கியாந்தாக்கூட கமலாட்சி பையைக் கவுத்துக் கொட்டி, பூச்சி இருக்குற ரெண்டை மட்டும் பொறுக்கி என் மூக்குக்கு நேரா நீட்டுவா. என் சட்டை, என் செருப்பு, என் மூக்குக் கண்ணாடி எல்லாமே அவ பேரம் பேசி வாங்கினது. என்னையே அவங்க அப்பா பேரம் பேசித்தான் முடிச்சாரு. ரெண்டு பவுன் குறைச்சுட்டாரு.

அதனால இந்த ஆவணி மாசம் ஒரு சபதம் எடுத்தேன். பிள்ளையார்பாளையம் வேலாயுதம் தன் சொந்தப் பணத்துல, சொந்த புத்தியில, பொண்டாட்டிக்குத் தெரியாம ஒரு வண்டி வாங்கப் போறான்!

சாதா வண்டி இல்லைங்க. தரையிலயும் ஓடும், தண்ணியிலயும் மிதக்கும். ஆறு சக்கரம். ஸ்டியரிங் கிடையாது, ரெண்டு கைக்கும் ரெண்டு லீவர். குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் மாட்டின மாதிரி இருக்கும். அம்பது வருஷத்துக்கு முன்னால ஏரி அளக்க வந்த ஏதோ வெளிநாட்டு கம்பெனி, வேலை முடிஞ்சதும் அதை ஏலத்துல விட்டுட்டுப் போச்சாம். திருப்பருத்திக்குன்றத்துல நேமிநாத நயினாரோட அப்பா ஏலம் எடுத்தாரு. அதுலேர்ந்து அவங்க மாட்டுக் கொட்டகையில நிக்குது. ஒரு நாள் அதைப் பார்த்தேன். அன்னிக்கே என் தூக்கம் போச்சு. ரெண்டு மாசமா ராத்திரி பகலா யூடியூப்ல அந்த மாதிரி வண்டிங்களையே பார்த்துக்கினு இருந்தேன்.

பணம் ஏதுன்னு கேப்பீங்க. எங்க சங்கத்துல எனக்குச் சிறந்த நெசவாளர் பரிசு குடுத்தாங்க. ஒரு கேடயம், ஒரு சால்வை, அறுபதாயிரம் ரூபாய். கமலாட்சிகிட்ட முதல் ரெண்டை மட்டும் சொன்னேன். மூணாவதைத் தறிக்கு மேல பரண்ல கிடக்குற பழைய டிசைன் அட்டைக் கட்டுக்குள்ள சொருகி, நல்லா இறுக்கிக் கட்டி வெச்சேன். அந்த டிசைன் புடவையை இப்போ யாரும் கேக்குறதில்லை. அந்தக் கட்டை யாரும் தொடுறதும் இல்லை.

ஒரே ஒரு சங்கடம். எங்க தறிக்கூடம் ஒழுகுது.

"என்னாங்க, போன மழையில தறியில பூட்டின பாவு நூல் மேலயே சொட்டி அரை முழம் கறையாச்சு. ஐப்பசி வர்றதுக்குள்ள ஷீட்டைப் பிரிச்சுட்டுப் புதுசு போடணும். அம்பத்தஞ்சாயிரம் ஆவுமாம்."

"ஏது பணம்? வெச்சுக்கினா இல்லைன்றேன்?"

"பரிசு குடுத்தாங்களே?"

"கேடயம் குடுத்தாங்க. வேணும்னா கூரையில ஒழுகுற எடத்துல அதைக் கவுத்து வை."

அவ என்னையே ஒரு நிமிஷம் பார்த்துட்டு, அரிசி புடைக்கப் போயிட்டா. ஜெயிச்சுட்டோம்னு நெனைச்சேன்.

அமாவாசை வந்துது. அமாவாசைன்னா எங்க தெருவுல ஒரு தறி ஓடாது. நமக்கு லீவு. காலையிலயே குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, அறுபதாயிரத்தையும் மஞ்சப் பையில சுத்திக் கக்கத்துல இடுக்கிக்கினு கிளம்பினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சாயப்பட்டறைக்கு."

"அமாவாசையில சாயப்பட்டறையா?"

மஞ்சப் பையை இன்னும் இறுக்கிக்கினேன். "அது... சாயத்துக்கு இல்லை. பட்டறைக்காரருக்கு உடம்பு சரியில்லையாம். பார்த்துட்டு வரலாம்னு."

"சரி, போயிட்டு வாங்க. நானும் கோயிலுக்குப் போறேன். வர நேரமாவும்."

இவ்ளோ சுளுவா விட்டுட்டாளே! அன்னிக்கு நல்ல நேரம் எனக்குன்னே பொறந்த மாதிரி இருந்துது. வழியில ஒரு டீ குடிச்சு, எதிர்ல வந்தவங்கிட்டல்லாம் கதை பேசி, ஆற அமரத்தான் போய்ச் சேர்ந்தேன்.

நயினார் வீட்டு வாசல்ல ரெண்டு ஜோடி லேடீஸ் செருப்பு கிடந்துது. ஒண்ணுல வாரு பிஞ்சு ஊக்கு குத்தியிருந்துது, நம்ம கமலாட்சி செருப்பு மாதிரியே. காஞ்சிபுரத்துல எல்லாப் பொம்பளைங்களும் ஒரே கடையிலதான் செருப்பு வாங்குவாங்க போல.

"வாப்பா வேலாயுதம், உக்காரு," ன்னாரு நயினார். காபி வந்துது. வாயில வெச்சேன். சர்க்கரை இல்லை.

"நயினாரே, காபியில சர்க்கரை?"

"போட வேணாம்னு உள்ள சொல்லிட்டாங்கப்பா."

எனக்கு சுகர் இருக்குறது எப்படித் தெரிஞ்சுதுன்னு ஒரு செகண்ட் தோணுச்சு. வண்டியைப் பார்க்குற அவசரத்துல அதை விட்டுட்டேன்.

இப்போ என் திறமையைச் சொல்றேன், கேளுங்க. பட்டுப்புடவை வாங்கத் தெரிஞ்சவன் எவனும் முதல்ல முகப்பைப் பார்க்க மாட்டான். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்ப்பான். அதே மாதிரி நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு, நேரா வண்டிக்கு அடியில படுத்துட்டேன். முப்பத்தஞ்சு வருஷம் பட்டைத் தடவின கை இது. அடித்தொட்டியை நீளத்துக்குத் தடவினேன். ஒரு எடத்துல நின்னுச்சு.

"நயினாரே! இங்க ஒட்டுப் போட்டிருக்குது!"

"அது எங்கப்பா காலத்து ஒட்டுப்பா. கெட்டி."

"கெட்டியோ இளசோ, ஒட்டு ஒட்டுதான். புடவையில ஒரு எழை விட்டா விலை பாதி."

அப்புறம் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடிச்சு ஆட்டினேன். மூணாவது சக்கரம் ஆடுது, பேரிங் போச்சு. டயரை நகத்தால கீறினேன், பொரிவிளங்காய் உருண்டை மாதிரி வெடிச்சிருக்குது. உள்ள செயின் ரெண்டும் தொளதொளன்னு தொங்குது. இன்ஜின் கயித்தை இழுத்தேன். பதினோராவது இழுப்புல இருமிக்கினே எழுந்துது. அந்தப் புகையில கொட்டகையில இருந்த எருமை ரெண்டும் வெளிய ஓடிடுச்சு. கடைசியா, தொட்டிக்கு அடியில தண்ணி வடியறதுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதுல பித்தளை மூடி. அதையும் கழட்டி மரை தேஞ்சிருக்குதான்னு பார்த்தேன். தேயலை.

"ஆர்சி புக்கு?"

"ஏலச்சீட்டு இருக்குதுப்பா."

"ஸ்பேர் பார்ட்ஸ்?"

"உலகத்துலயே கெடைக்காது."

"அப்போ விலையைக் குறைங்க."

"உலகத்துலயே கெடைக்காத வண்டிப்பா. நியாயமா ஏத்தணும்."

துண்டை எடுத்தேன். மாட்டுச் சந்தையில பேசுற மாதிரி, துண்டுக்கு அடியில கைவிட்டு விரலாலதான் விலை பேசுறதுன்னு முடிவு. வாயால பேசினா ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிஞ்சா கமலாட்சிக்குத் தெரியும். விரல் ஒண்ணுக்குப் பத்தாயிரம். நயினார் முழுக் கையையும் பிடிச்சாரு, அப்புறம் நாலு விரலைப் பிடிச்சாரு. தொண்ணூறு! நான் ரெண்டு விரலைப் பிடிச்சேன். இருபது.

அவர் கையை உருவிக்கினு எழுந்தாரு. "இருப்பா, உள்ள ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

உள்ள போயிட்டு வந்து, எழுபதுன்னாரு. நான் முப்பதுன்னேன். "இருப்பா, கேட்டுட்டு வரேன்." மறுபடி உள்ள போனாரு.

எனக்கு அந்த மனுஷன் மேல இரக்கமே வந்துடுச்சு. முப்பது ஏக்கர் வெச்சிருக்குற ஆளு. ஒரு வண்டி விக்கறதுக்கு வீட்டுக்காரம்மாகிட்ட ரெண்டு தடவை பர்மிஷன்! இந்த மாதிரி ஆம்பளைங்களாலதான் நம்ம இனத்துக்கே மரியாதை இல்லைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேன். சிரிப்புகூட வந்துது.

"எழுபதுக்கு ஒத்த ரூபாய் குறையாதுன்றாங்கப்பா."

"தண்ணியில விட்டுப் பார்க்கலாம். மிதந்தா பேசுவோம்."

கொட்டகைக்குப் பின்னால அவங்க நிலத்துல ஒரு குட்டை. இடுப்பளவு தண்ணி. லீவரைத் தள்ளினேன். ஆறு சக்கரமும் சுத்துது, வண்டி தண்ணியில இறங்குது, மிதக்குது! ஐயோ, அந்த சொகத்தை என்னான்னு சொல்லுவேன்! வாத்துங்கல்லாம் வழி விடுது. நடுக் குட்டைக்குப் போயி ஒரு கையைத் தூக்கி நயினாருக்கு டாட்டா காமிச்சேன். காமிக்கும்போதே கால் சில்லுன்னு இருந்துது. குனிஞ்சு பார்த்தா கணுக்கால் அளவு தண்ணி. அப்புறம் முழங்கால். அப்புறம் நானும் வண்டியும் பொறுமையா உள்ள போனோம். தலையும் மஞ்சப் பையும் மட்டும் மேல இருந்துது.

ஒருத்தன் தோத்துப்போற எடமா இது? நான் வேலாயுதம்! சொட்டச் சொட்டக் கரையேறி வந்து ஒரு கத்து கத்தினேன்.

"என்னா நயினாரே, ஆளைக் கொல்லப் பார்த்தீங்களா? ஓட்டைப் பானைக்குள்ள வர்ற மாதிரி தண்ணி வருது! இதுக்கா எழுபது?"

நயினார் மேல்துண்டால வாயை மூடிக்கினாரு. அழுறாருன்னு நெனைச்சேன், தோளு ரெண்டும் குலுங்குச்சு. மூணாவது தடவையா உள்ள போயிட்டு வந்து, ஈரத் துண்டுக்கு அடியில நாலு விரலைப் பிடிச்சு, அஞ்சாவதுல பாதியைத் தொட்டாரு. நாப்பத்தஞ்சு!

முடிஞ்சுது! தொண்ணூறு சொன்ன வண்டி பாதி விலைக்கு! எண்ணிக் குடுத்தேன். டிராக்டர் வெச்சு வண்டியை இழுத்து, ஒரு குட்டி யானை லோடு வண்டியில ஏத்தினாங்க. நான் முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்காரலை. வண்டியிலயே ஏறி ரெண்டு லீவரையும் பிடிச்சுக்கினு உக்காந்தேன். பாலம் தாண்டி ஊருக்குள்ள வர வர, தெருவே வாசலுக்கு வந்துடுச்சு. சாமி புறப்பாட்டுக்குக்கூட அவ்ளோ கூட்டம் பார்த்ததில்லை. "வேலாயுதண்ணே, எவ்ளோ?"ன்னாங்க. "விலையா முக்கியம்? வாங்கின விதம்தான் முக்கியம்!"னேன்.

தெருமுனை திரும்பும்போது இடுப்புல ஏதோ குத்துச்சு. கைவிட்டுப் பார்த்தா பித்தளை மூடி.

நாங்க தறிக்குழியில உக்காந்து வேலை செய்யுறவங்க. கழட்டின சின்னச் சாமான் எதுவா இருந்தாலும் மடியிலதான் சொருகுவோம், குழியில விழுந்தா தேடி மாளாது. மூடியைக் கழட்டினதும் கை அதுபாட்டுக்கு மடியில சொருகிடுச்சு! தண்ணி வந்தது மூடி இல்லாத அந்த ஓட்டை வழியாத்தான், வண்டியில வேற ஓட்டையே இல்லை. இருபத்தஞ்சாயிரம் சும்மா குறைஞ்சிருக்குது. அடேய் வேலாயுதம், நீ நெசவாளி இல்லைடா, மந்திரின்னு என்னை நானே தட்டிக் குடுத்துக்கினேன்.

வீட்டுக்கு வந்தா கமலாட்சி எனக்கு முன்னால வந்து கால் நீட்டி உக்காந்திருந்தா. வண்டியைப் பார்த்தா. "ஈர வேட்டியை மாத்துங்க, சளி பிடிக்கும்," ன்னா.

மாத்தினேன். மஞ்சப் பையைக் கக்கத்துல வெச்சுக்கினு, துண்டைத் தோள்ல போட்டுக்கினு கம்பீரமா வந்து நின்னேன். "கமலாட்சி, கேளு. தொண்ணூறாயிரத்து வண்டி. நாப்பத்தஞ்சுக்கு முடிச்சேன். உன் உதவி இல்லாம."

"தெரியும். நயினார் சம்சாரம் குணமாலா அக்கா அதைப் பழைய இரும்புக்குப் போடறதா இருந்தாங்க. இரும்புக்காரன் நாலாயிரம் சொன்னானாம். நீங்க தூக்கத்துலகூட ஆறு சக்கரம், ஆறு சக்கரம்னு பொலம்பறீங்களேன்னு, போன வாரமே அஞ்சாயிரம் குடுத்து நான் வாங்கிட்டேன்."

"என்னாது?"

"நீங்க இன்னிக்கு வாங்கினது என் வண்டி. ரெண்டு வருஷமா தொடாத அட்டைக் கட்டுல புதுச் சிவப்புப் பட்டுநூலால முடிச்சுப் போட்டா, எனக்குத் தெரியாதா? நானே எடுத்தா திருட்டு. நீங்களா குடுத்தா வியாபாரம்."

அப்போதான் புரிஞ்சுது. நயினார் மூணு தடவை உள்ள போய்க் கேட்டது அவர் வீட்டுக்காரியை இல்லை, என் வீட்டுக்காரியை. ஊக்கு குத்தின செருப்பு! சர்க்கரை இல்லாத காபி!

இருந்தாலும் கடைசியா ஒரு ஆயுதம் இருக்குதேன்னு நிமிர்ந்தேன். "ஆனா உன்னையே ஏமாத்தி இருபத்தஞ்சாயிரம் குறைச்சேன், தெரியுமா? வண்டியில ஓட்டையே இல்லை!"

"ஜன்னல்லேர்ந்து பார்த்துக்கினுதானே இருந்தேன்? மூடியை மடியில சொருகினீங்க. மிச்சம் பதினஞ்சு உங்க மஞ்சப் பையில இருக்கும். ஷீட்டுக்கு அம்பத்தஞ்சு, வண்டிக்கு நான் போட்டது அஞ்சு. ஆக அறுபது."

"பதினஞ்சை எதுக்குத் தருவேன்?"

அவ கையை விரிச்சா. நான் அவுத்துப்போட்ட ஈர வேட்டியிலேர்ந்து எடுத்த பித்தளை மூடி, தேய்ச்சு பளபளன்னு இருந்துது.

"இது உலகத்துலயே கெடைக்காதாம். பதினஞ்சாயிரம்."

நான் தோள்லேர்ந்து துண்டை எடுத்தேன்.

"துண்டைப் போட்டுக்கங்க," ன்னா கமலாட்சி. "நம்மகிட்ட ஒரே விலை."