செவலைக்கு இட்ட குரவை

பேச்சை நிறுத்து என்றால் நிறுத்திவிடலாம். கல்யாணத்தில் நாக்கைச் சுழற்றி இடுகிற குரவையை நிறுத்து என்றால் எங்கள் பக்கத்துப் பெண்களால் முடியாது. அது பிறவியிலேயே வருவது. (எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது.)

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு சேர்ந்திருந்த காலம். கல்யாணமாகி நான் மலையடிவாரத்துக்கு வந்த புதிது. யாரோ ஒரு பணக்காரர் சின்ன ஏரோப்பிளேன் ஒன்றைக் கொண்டுவந்து, கன்னியாகுமரி பார்க்க வரும் துரைமாரை ஏற்றிக்கொண்டு காட்டில் ஆனை காட்டப் போவார். அந்த இரைச்சலுக்கு ஆனையெல்லாம் ஓடிவிடும். துரைமார் மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.

சரியாகச் சாயங்காலம் பால் கறக்கும் நேரத்தில் அது எங்கள் கூரையை உரசுவதுபோலப் போகும். அம்மா வீட்டிலிருந்து என்னோடு வந்த செவலைப் பசு மிரண்டு உதைக்கும். செம்பு ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம்.

"ஏட்டி, இன்னும் ஒரு தடவ உதைச்சா ஒனக்க பசுவச் சந்தையில தள்ளிருவேன், பாத்துக்க!"

அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது செவலை மட்டும்தான். (புருஷன் அப்போது அம்மா பிள்ளை.)

பிளேன் இன்னும் உயரத்தில், கடலோரமாகப் போகட்டும் என்று ஊரார் மனுக் கொடுத்தார்கள். சத்தத்தைத் தானே வந்து கேட்பதாக ஒரு அதிகாரி சொல்லியனுப்பினார்.

"மேளம் கூடாது, பேச்சு கூடாது. ஏமான் காதுல பிளேன் சத்தம் மட்டுந்தான் விழணும், கேட்டியளா?" என்றார் என் புருஷன். எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியவள் நான். சாட்சிக்குச் செவலையையும் முற்றத்தில் கட்டினோம்.

ஜீப் வந்தது. வெள்ளைச் சட்டையோடு இறங்கியவருக்கு மாலை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். அச்சு அசல் மாப்பிள்ளை! என் நாக்கு தானாகச் சுழன்றுவிட்டது. ஒருத்தி குரவையிட்டால் மற்றவர்கள் சும்மா நிற்பது மரியாதையில்லையே, அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நானோ குரவையிட்டால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

கண்ணைத் திறந்தபோது அதிகாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார். மலைக்கு மேலே ஒரு புள்ளி மறைந்துகொண்டிருந்தது.

"பிளேன் எப்ப வரும்?" என்று கேட்டார் அதிகாரி.

"அது வந்துட்டுப் போயாச்சு ஏமானே" என்றார் என் புருஷன், அழாத குறையாக.

"நான் ஒண்ணும் கேக்கலியே! பிளேன உயரத்துல போகச் சொல்லலாம். இந்தப் பிள்ளைய எங்க அனுப்ப?"

ஜீப் போய்விட்டது. மாமியார் என்னை நோக்கி வந்தார். செவலை போயிற்று என்று அழ ஆரம்பித்தேன். அவரோ என்னைத் தாண்டிப் போய்ப் பசுவின் முன்னால் நின்றார். அது பாட்டுக்கு வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. பிளேன் போனது அதற்கும் தெரியவில்லை!

"ஏட்டி மூதி, அழாத. நாளையில இருந்து நான் கறக்கும்போ நீ கொரவ இடு."

செவலை தப்பியது. பிளேன்காரர் ஊரைவிட்டுப் போகும்வரை சாயங்காலமானால் தொழுவத்தில் கல்யாணம்தான். பொறுக்கமாட்டாமல் ஊரார் இன்னொரு மனுக் கொடுத்தார்கள். இந்தத் தடவை என் மாமியாரிடம், என்னைப் பற்றி.

இன்றும் வீட்டுக் கல்யாணங்களில் நான் வாயைக் குவித்தால் போதும், பேரன் கத்துவான்: "மேல பாருங்கடே, ஆச்சிக்க பிளேன் வருகு!"

போன கல்யாணத்தில் மாப்பிள்ளையும் அண்ணாந்து பார்த்துவிட்டார். தாலி, பெண்ணின் மூக்கில் மாட்டிக்கொண்டது. (அந்தப் பழியும் எனக்குத்தான்.)